மேஜையை விட்டு எழாத பொனிஃபாட்சி

1916 டிசம்பர் 24 மாலை, கிராக்கோவ் நகரத்து வானில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும், படைவீரன் ஒனுஃப்ரி பத்தொன்பது வீடுகளின் கதவை ஒரே நேரத்தில் தட்டினான். பதினெட்டு வீடுகளில் அவனை உள்ளே அழைத்துச் சாப்பாடு போட்டார்கள். ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். அதே நேரத்தில் கார்ப்பரல் ஜெகோட்டா பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போயிருந்தான்; த்வூகா தெருவில் நோட்டரி வீட்டு நாற்காலி அவன் எடை தாங்காமல் உடைந்தது. மற்ற வீரர்களும் அவரவர் பங்குக்கு வந்தார்கள். அன்று சந்தையில் வெண்ணெய் இல்லை. கெண்டை மீன் முந்தைய ஆண்டைவிட மூன்று மடங்கு விலை. டிராம் சீக்கிரமே நின்றுவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் தலை முதல் பூட்ஸ் வரை சாம்பல் நிறத்தில் இருந்தார்கள். கன்னம், கண், பொத்தான், தொப்பியில் கழுகு, எல்லாம் ஒரே கரி நிறம். பக்கத்தில் உட்கார்ந்தால் அச்சு மை வாடை அடித்தது. தோளில் இருந்த பனி கணப்பின் அருகிலும் உருகவில்லை. பீட்ரூட் சூப்பைக் குடித்தபோது உதடு மட்டும் சிவந்தது. நகரத்தார் அதற்கு மேல் கவனிக்கவில்லை. விகிலியா இரவு அது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய அந்த இரவில், எதிர்பாராமல் வருகிறவருக்கென்று ஒவ்வொரு மேஜையிலும் ஒரு தட்டு காலியாக வைப்பது எங்கள் வழக்கம். வழக்கமாக யாரும் வருவதில்லை. அந்த ஆண்டு வந்தார்கள். நள்ளிரவுப் பூசைக்கு மணி அடித்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் பேசிப் பார்த்ததில், ஒனுஃப்ரி பதினெட்டு வீட்டிலும் ஒரே நகைச்சுவையைச் சொல்லியிருந்தது தெரிந்தது. அது ஒரு கோவேறு கழுதையையும் ஒரு கேப்டனையும் பற்றியது. பாதிரியார் இருந்த வீட்டில்கூட அதையே சொல்லியிருந்தான்.

இவர்கள் எல்லோரும் ஒரே படத்திலிருந்து வந்தவர்கள். படத்தை வரைந்தவன் சார்ஜன்ட் ஹிலாரி ஸ்விடா. போருக்கு முன் ஓவியப் பள்ளியில் படித்தவன்; பிறகு போலந்து லீஜியன் படையில் சேர்ந்து, துப்பாக்கி துடைத்த நேரம் போக மீதி நேரத்தில் வரைந்தான். வீரர்கள் கால்துணி துவைப்பது, சட்டையை நெருப்பில் காட்டிப் பேன் விரட்டுவது, குதிரைக்கு லாடம் அடிப்பது, சமையல் வண்டிக்கு முன்னால் தட்டோடு நிற்பது. சண்டையை அவன் வரைந்ததே இல்லை. சண்டை நடக்கும்போது தன் முகம் மண்ணில் புதைந்திருந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லை என்று காரணம் சொன்னான். 1916 ஜூலையில் ஸ்டிர் நதிக்கரைச் சண்டையில் தொடையில் குண்டு பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டான். படைவீரர் குடும்பங்களுக்கு நிதி திரட்டிய ஒரு குழு, அவன் படங்களைக் கல்லச்சில் போட்டு விற்க ஏற்பாடு செய்தது. வழவழப்பான சுண்ணாம்புப் பலகைக்கல்லில் கொழுப்பு மைக்கோலால் வரைய வேண்டும். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், வரைந்த கோட்டில் மட்டும் மை பிடிக்கும். அதன்மேல் தாளை வைத்து அழுத்த வேண்டும். தாளில் எல்லாம் இடம் வலமாக மாறி விழும் என்பதால் கல்லில் திருப்பி வரைய வேண்டும். பல கைதேர்ந்த ஓவியர்களே வாளை வலது இடுப்பில் மாட்டிவிட்டு மாட்டிக்கொண்டதுண்டு. ஹிலாரி அதில் தவறவில்லை. தவறியது வேறு இடத்தில்.

படத்தொகுப்பின் கடைசிப் படம், 1915 விகிலியா இரவில் வோலின் காட்டுப் பதுங்கறையில் வீரர்கள் சாப்பிட்டது. நீளமான பலகை மேஜை, இரண்டு பக்கமும் பெஞ்சு, பன்னிரண்டு இடம். அன்று உட்கார்ந்தவர்கள் பதினோரு பேர். பன்னிரண்டாவது இடம் ஹிலாரியுடையது. வரைவதற்காக அவன் எழுந்து வாசல் பக்கம் போயிருந்ததால் அது காலியாக இருந்தது. வழக்கத்துக்கும் பொருத்தமாக இருந்தது. ஆனால் கல்லில் வரையும்போது, இவ்வளவு நல்ல படத்தில் நாம் இல்லாமலா என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அந்த இடத்தில் தன்னையே வரைந்தான். மீசையைச் சற்றுத் தாராளமாகப் போட்டுக்கொண்டான். ஆக, விகிலியா மேஜை, பன்னிரண்டு இடம், பன்னிரண்டு ஆள், விருந்தாளிக்கு ஒரு தட்டுகூடக் காலி இல்லை. போலந்தில் எந்த வீட்டிலும் நடக்காத காரியம்.

முதல் தாளை உரித்தபோதே அதில் ஒருவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். கல்லில் அவன் உட்கார்ந்துதான் இருந்தான். இரண்டாவது தாளில் இன்னொருவன் எழுந்திருந்தான். ஹிலாரி கல்லைக் குறை சொன்னான், பிறகு தாளை, பிறகு மழையை. அச்சகத்துக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கல்லுல ஒண்ணும் கோளாறு இல்ல சார்ஜன்ட். விருந்தாளிக்கு எடமே வைக்காம வரைஞ்சிருக்கீங்க. மரியாத தெரிஞ்ச ஒருத்தன் எந்திரிச்சு எடம் விட்டிருக்கான், அவ்வளவுதான்," என்றார். நேரம் இல்லாததால் நூற்றுச் சொச்சம் படங்களையும் அப்படியே விற்றார்கள். எந்தப் படத்தில் யார் எழுந்து நின்றானோ, அவன்தான் அந்தப் படத்தை வாங்கிய வீட்டுக்கு அன்று மாலை வந்தான். அப்போது அந்தப் பன்னிருவரில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் கைதிகள், சிலர் படைப் பாளையத்தில் இருந்தார்கள். கதவு தட்டுவதில் வித்தியாசம் தெரியவில்லை. பாளையத்தில் இருந்தவர்கள் அன்று வயிறு நிறைந்திருப்பதாகச் சொல்லி இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம்.

ஒனுஃப்ரியின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவள் ஸலோமெயா ட்ரோஸ்ட். சுருட்டு ஆலையில் வேலை. அந்த ஆலைப் பெண்களின் வாய்க்கு நகரமே பயப்படும். ஸலோமெயாவின் வாய்க்கு அந்த ஆலை பயப்பட்டது. அவள் கணவன் பொனிஃபாட்சி லீஜியனில் இருந்தான். ஜூலைச் சண்டைக்குப் பிறகு காணவில்லை. இறந்ததாகவும் செய்தி இல்லை, பிடிபட்டதாகவும் செய்தி இல்லை. பெஞ்சின் கோடியில், சுவரை ஒட்டி, ஒனுஃப்ரிக்குப் பக்கத்தில் அவன் அந்தப் படத்தில் உட்கார்ந்திருந்தான். அதற்காகத்தான் வாங்கினாள். கட்டிலுக்கு மேலே மாட்டினாள். அன்று மாலை மேஜை விரிப்புக்கு அடியில் வழக்கப்படி வைக்கோல் பரப்பி, எதிரில் கணவனின் தட்டு, கணவனின் கரண்டி, கணவனின் கோப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தபோது சாம்பல் நிறத்தில் வேறொருவன் நின்றான்.

"விருந்தாளிக்கு எடம் இருக்குமா அக்கா?" என்றான் ஒனுஃப்ரி.

"இருக்கு. உனக்கில்ல. எம் புருஷனுக்கு வெச்சிருக்கேன்."

"அவரு வரமாட்டாருக்கா. இன்னும் மீனையே முடிக்கல."

கதவைச் சாத்திவிட்டாள். அவன் மாடிப்படியில் உட்கார்ந்தான். கட்டிடத்தைப் பார்த்துக்கொண்ட தெக்லா அம்மாள் இரக்கப்பட்டு ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் கொடுத்தாள், கழுதைக் கதையை அவளிடம் சொன்னான், அவளுக்குப் புரியவில்லை. பூசை மணி அடித்ததும் சுவரில் கை வைத்து எழுந்து போனான். சுவரில் ஐந்து விரலும் மையாகப் பதிந்தது. இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லை.

படங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று மறுநாள் நகரம் முழுவதும் தெரிந்தபோது, ஸலோமெயா படம் வாங்கிய ஒவ்வொரு வீடாகப் போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. சில படத்தில் ஜெகோட்டா எழுந்து நின்றான், சிலதில் ஒனுஃப்ரி, சிலதில் ஹிலாரியே நின்றான். பொனிஃபாட்சி ஒரு படத்திலும் எழவில்லை. எல்லாவற்றிலும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காரணம் அவளுக்குத் தெரியும். விகிலியா சாப்பாடு முடியும் முன் மேஜையை விட்டு எழுகிறவன் அடுத்த விகிலியாவைப் பார்க்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு. பலர் அதைக் கேலியாகச் சொல்வார்கள். பொனிஃபாட்சி கேலியாகச் சொன்னதில்லை. கல்யாணமான முதல் ஆண்டு, சாப்பாட்டின் நடுவே கணப்பிலிருந்து தீக்கங்கு தெறித்துத் தரைவிரிப்பு எரிந்தபோதும் அவன் எழவில்லை. உட்கார்ந்தபடியே சூப்பை ஊற்றி அணைத்தான்.

ஜனவரியில் அவள் அச்சகத்துக்குப் போய் ஹிலாரியைப் பிடித்தாள்.

"அடுத்தவ புருஷன் எல்லாம் எந்திரிச்சு வீடு வீடாப் போயி மீன் திங்கிறான். எங்க வீட்டுக்காரரு மட்டும் உக்காந்து சாஸ்திரம் பாக்குறாரு. நீங்கதான வரைஞ்சீங்க, எழுப்பி விடுங்க."

கல்லில் ஆளை எழுப்புவது பெரிய வேலை இல்லை என்று ஹிலாரி ஒப்புக்கொண்டான். அவனுக்குக் குற்ற உணர்ச்சியும் இருந்தது, மீசையை நினைத்து. பொனிஃபாட்சி இருந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, வாசலருகே தொப்பியும் கையுமாக நிற்கிற மாதிரி வரைந்து அச்சிட்டான். தாளில் பொனிஃபாட்சி பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தான். புதுக் கல்லில் மேஜையையே எடுத்துவிட்டு, பனியில் தனியாக நடந்து வருவதாக வரைந்தான். தாளில் மேஜை இருந்தது, பெஞ்சு இருந்தது, பொனிஃபாட்சி உட்கார்ந்திருந்தான். மூன்றாம் முறை போட்டபோது, மீன் தட்டைச் சற்றுத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருந்தான். நெற்றியும் சுருங்கியிருந்தது. அதற்கு மேல் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஸலோமெயாவே சொல்லிவிட்டாள்.

1917 விகிலியாவுக்கு நகரம் பெரிய அளவில் தயாரானது. யார் வீட்டுக்கு யார் வருவான் என்று எல்லோருக்கும் தெரியும். நோட்டரி வீட்டில் ஜெகோட்டாவுக்காக ஓக் மரத்தில் நாற்காலி செய்தார்கள். ஒனுஃப்ரி வரவிருந்த வீடுகள் தங்களுக்குள் பேசி, கழுதைக் கதை வேண்டாம் என்று எப்படி நாசூக்காகச் சொல்வது என்று முடிவு செய்தன. அது மாவு கிடைக்காமல் டர்னிப் கிழங்கில் ரொட்டி சுட்ட காலம். இருந்தும் எங்கிருந்தோ மீன் வந்தது. முதல் நட்சத்திரம் வந்தது. யாரும் வரவில்லை. படங்களைப் பார்த்தார்கள். எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நூற்றுச் சொச்சம் படங்களிலும் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு இடம். நள்ளிரவுப் பூசையில் பாதிரியார் கொஞ்சம் எரிச்சலாகவே பேசினார். காலித் தட்டு எதிர்பாராதவருக்கு உரியது, நாற்காலி செய்து காத்திருந்தால் யார்தான் வருவார் என்று கேட்டார். அவர் வீட்டிலும் ஒனுஃப்ரிக்காக ஒரு பாட்டில் எடுத்து வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

அந்த இரவும் ஸலோமெயா கணவனின் தட்டை வைத்திருந்தாள். ஒருவரை எதிர்பார்ப்பதும் ஒரு வேலை. அவள் அதை ஆலை வேலையைவிட ஒழுங்காகச் செய்தாள். அடுப்பில் தண்ணீர் வைக்கும்போது இரண்டு பேருக்கு வைத்தாள். ஆலையில் பக்கத்து மேஜைக்காரி ஜூஸ்டினா கிண்டல் செய்வாள்.

"என்னடி, ஒன் வீட்டுக்காரரு இன்னுமா சாப்பிடுறாரு?"

"ஒன் வீட்டுக்காரன் மாதிரி குடிச்சுட்டுக் கவுந்து கெடக்கல. மரியாதையா உக்காந்து சாப்பிடுறாரு."

1918 நவம்பரில், நூறாண்டுக்கு மேல் அந்நியர் பங்கு போட்டு ஆண்ட எங்கள் நாடு திரும்ப வந்தது. ஒரு காலையில் ஆஸ்திரியக் கழுகை எல்லாச் சுவரிலிருந்தும் இறக்கினார்கள். எங்கள் கழுகை ஏற்றினார்கள். பனிக்காலம் என்பதால் அதற்கும் மூக்கு ஒழுகியது. சிறையிலிருந்தும் பாளையத்திலிருந்தும் ஆண்கள் திரும்பினார்கள். காய்ச்சலில் பலர் போனார்கள். உருளைக்கிழங்கு விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இந்தக் களேபரத்தில் படங்களை மறந்தே போனார்கள். பலர் கழற்றிப் பரணில் போட்டார்கள். அவற்றில் வீரர்கள் எப்போது மறுபடி எழுந்து நின்றார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்த விகிலியா மாலையில் கதவுகள் தட்டப்பட்டபோது எல்லோரும் உண்மையாகவே திடுக்கிட்டார்கள். நோட்டரியின் ஓக் நாற்காலி அதற்குள் அடுப்பில் எரிந்து போயிருந்தது.

ஸலோமெயாவின் கதவும் தட்டப்பட்டது. ஒனுஃப்ரி நின்றான். இந்த முறை அவள் சாத்தவில்லை. உள்ளே வரச் சொன்னாள். கணவனின் தட்டில் பரிமாறினாள். விகிலியாவில் உடைத்துப் பகிரும் மெல்லிய அப்பத்தை இருவரும் உடைத்துக்கொண்டார்கள். ஒனுஃப்ரி கழுதைக் கதையைத் தொடங்கினான். அவள் கேட்டாள், சிரிக்கவும் செய்தாள். இரண்டாம் முறை சூப் ஊற்றியபோதுதான் கேட்டாள்.

"அவரு எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. மீன் முள்ளு எடுத்துக்கிட்டு இருக்காரு."

"மூணு வருஷமாவா?"

"எங்களுக்கு அது ஒரே ராத்திரிதானக்கா."

அவள் தன் தட்டைப் பார்த்தாள். எதிர்பார்த்தால் வரமாட்டார்கள் என்று பாதிரியார் சொன்னதை ஓராண்டாக மனதில் போட்டுப் பார்த்திருந்தாள். எதிர்பார்ப்பதை நிறுத்திப் பார்க்கவும் முயன்றாள். படியில் யார் ஏறினாலும் காது தானாகப் போய்விட்டது. தன்னால் அது முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவரு என்னை எதிர்பாக்குறாரா?"

ஒனுஃப்ரி சங்கடப்பட்டான். "தப்பா நெனைக்காதீங்க. இல்லக்கா. நீங்க வீட்டுல பத்திரமா, கதகதப்பா இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

"ஒன் எடம் இப்ப காலியாத்தான கெடக்கு?"

"காலிதான்."

"நான் போயி ஒக்காந்தா எழுப்பி விடுவாங்களா?"

"விகிலியா ராத்திரில வந்த ஆள எப்படிக்கா எழுப்புவாங்க? ஆனா ஒண்ணு, அங்க ஒரே புகை. ஜெகோட்டா பாட வேற செய்வான்."

"சுருட்டு ஆலையில பாக்காத புகையா?"

கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். கோதுமையும் கசகசாவும் தேனும் கலந்த குத்தியாவைக் கிண்ணத்தோடு எடுத்துத் துணியில் கட்டினாள். ராணுவத்தில் அதற்குத் தேன் போட்டிருக்க மாட்டார்கள் என்றாள். அடுப்பை எப்போது தூண்ட வேண்டும், எந்த ஜன்னல் சரியாகச் சாத்தாது, தெக்லா அம்மாளிடம் எதைப் பேசக் கூடாது என்று ஒனுஃப்ரியிடம் சொன்னாள். முக்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு ஏறினாள். படம் கொஞ்சம் உயரத்தில் இருந்ததால் ஒனுஃப்ரி கிண்ணத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டான். அவள் பாவாடையைச் சற்றுத் தூக்கி, டிராம் ஏறுவதுபோல ஒரு காலை உள்ளே வைத்தாள், பிறகு மற்றதை. கிண்ணத்தைத் திரும்ப வாங்க ஒரு கை வெளியே நீண்டது. அது அதற்குள் சாம்பல் நிறமாகியிருந்தது.

பூசை மணி அடித்தது. மற்ற வீடுகளில் இருந்த ஒனுஃப்ரிகள் அவரவர் படத்துக்குத் திரும்பினார்கள். இந்த ஒனுஃப்ரிக்குத் திரும்ப இடம் இல்லை. தட்டுகளைக் கழுவி வைத்தான், கதவைப் பூட்டினான், பூசைக்குப் போனான். வேலை நாள் வந்ததும் ஸலோமெயாவின் இடத்தில் ஆலைக்குப் போய் உட்கார்ந்தான். சுருட்டு உருட்டுவதில் மெதுவானவன் என்பதைத் தவிர மேற்பார்வைக்காரி குறை சொல்லவில்லை. ஸ்டிர் கரையில் ஒரு புதைகுழியின் மேல் அவன் பெயரோடு மரச் சிலுவை நின்றது; ஒருமுறை போய்ப் பார்த்து, எழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தான். பீட்ரூட் சூப்பாகக் குடித்துக் குடித்து இரண்டு மூன்று ஆண்டுகளில் நிறம் தேறியது. காதுமடல் மட்டும் கடைசிவரை சாம்பலாகவே இருந்தது. ஜூஸ்டினாவின் கணவன் குடித்தே இறந்த பிறகு அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். கழுதைக் கதையைக் கேட்டு ஒவ்வொரு முறையும் சிரித்த ஒரே ஆள் அவள்தான். மேஜையிலிருந்து எழுந்து வந்தவன் எண்பத்தொன்றாவது வயதுவரை இருந்தான்.

நாடு வந்த அடுத்த வசந்தத்தில் ஹிலாரி, ஊன்றுகோலோடு மாடிப்படி ஏறி, படத்தைப் பார்க்க வந்தான். அவன் வரையாத ஒரு பெண் அதில் இருந்தாள். சால்வை போர்த்தி, பெஞ்சில் ஒனுஃப்ரியின் இடத்தில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்னால் குத்தியாக் கிண்ணம். பெண்ணோடு அப்பத்தை உடைக்கும் ஆண் உட்கார்ந்தபடி உடைப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. சுவரோரத்தில் பொனிஃபாட்சி எழுந்து நின்றான். ஒரு கை மேஜையில் ஊன்றியிருந்தது, மறு கையில் அப்பத்தில் பாதி. அவனுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பெஞ்சு காலியாக இருந்தது.

ஹிலாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"மேஜை இப்பத்தான் சரியா இருக்கு," என்றான்.

ஒனுஃப்ரி அவனுக்கும் ஒரு தட்டு சூப் ஊற்றினான். ஜெகோட்டாவின் வாய் படத்தில் இன்னும் அகலமாகத் திறந்திருந்தது. அவன் எந்தப் பாட்டைப் பாடுகிறான் என்று இருவரும் சாப்பிட்டு முடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.